மன்னிப்புக் கடிதத்தில் என் தங்கை கையெழுத்துப் போடலாமா?

வாசகி எழுதியது

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி ஏழு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருடைய தங்கைக்கு வயது 29. கணவர் இறந்தது தொடர்பான கொலை வழக்கில் கைதாகி, 14 மாதங்களாகத் தமிழ்நாட்டிலுள்ள பெண்கள் சிறை ஒன்றில் விசாரணைக் கைதியாக இருக்கிறார். நான்கரை வயது மகளும் தாயோடு உள்ளேயே வளர்கிறாள். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை, செஷன்ஸ் நீதிமன்றம் இரண்டு முறை ஜாமீன் மறுத்திருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன் தங்கையும் அதே பிளாக்கைச் சேர்ந்த 11 பெண்களும் ஒரு மனு எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் முக்கால் மணி நேரம் மட்டும் வரும் தண்ணீர், மாதத்துக்கு ஒரே ஒரு பாக்கெட் நாப்கின், வாய்தாவுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் பார்க்க ஆடையைக் களையச் சொல்லி நடக்கும் சோதனை, பெண் மருத்துவர் எப்போது வருவார் என்றே தெரியாத நிலை ஆகிய நான்குதான் மனுவின் பொருள். பத்து நாட்களாகியும் பதில் இல்லாததால் 12 பேரும் ஒரு நாள் இரவு உணவை வாங்க மறுத்துத் தட்டுகளைத் தட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் தங்கை தனியறைக்கு மாற்றப்பட்டு ஒன்பது நாட்கள் அங்கே வைக்கப்பட்டார். அந்த நாட்களில் குழந்தையை வேறொரு கைதி பார்த்துக்கொண்டார். மூன்று வாரங்களுக்கு நேர்காணலும் தொலைபேசியும் நிறுத்தப்பட்டன. "நான்தான் மற்றவர்களைத் தூண்டிவிட்டேன், மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் இத்தோடு முடியும், இல்லாவிட்டால் கலவர வழக்கும் வெளி மாவட்டச் சிறைக்கு மாற்றமும் வரும் என்று இப்போது சொல்லப்படுகிறது.

வாசகி கேட்பவை இவை. எழுதிக் கொடுத்துவிடு என்று தங்கையிடம் சொல்லலாமா? கொலை வழக்கில் உள்ளே இருப்பவளுக்கு உரிமை கேட்க என்ன இருக்கிறது என்று கணவர் கேட்கிறார், அதற்கு என்ன பதில்? பெண் என்பதால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்றும், பாதித் தண்டனைக் காலம் கழிந்தால் தானாகவே விட்டுவிடுவார்கள் என்றும் சொல்கிறார்களே, உண்மையா? ஆறு வயதானால் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிடுவார்களா? பத்திரிகைக்குப் போகலாமா? கடிதத்தின் கடைசியில் ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. தங்கை ஒரு நோட்டும் பேனாவும் கேட்டிருக்கிறாள். மறுபடியும் ஏதாவது எழுதி மாட்டிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது, வாங்கிக் கொடுக்கலாமா?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு தங்கை எழுதிய மனுவின் நகலையும் இணைத்திருந்தீர்கள். கோடு போடாத தாளில், வரி சாயாமல், ஒருவரையும் ஒருமையில் குறிப்பிடாமல் எழுதப்பட்ட மனு அது. நாப்கின் பற்றிய பத்தியில் "துணியைக் கிழித்து வைத்துக்கொள்கிறோம், இப்போது கிழிப்பதற்குத் துணியும் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக மனுக்கள் எழுதியும் படித்தும் வருகிற நான், இதைவிடச் சுருக்கமாக ஒரு குறையைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். இந்த மனுவுக்காக வெட்கப்படவோ அதைத் திரும்பப் பெறவோ எந்தக் காரணமும் இல்லை. அவசரமாகக் கவனிக்க வேண்டியது இப்போது கையெழுத்துக் கேட்கும் அந்த இன்னொரு தாளைத்தான்.

அந்தத் தாளைப் பற்றி முதலில்

இப்போது கேட்கப்படும் வாசகத்தில் உங்கள் தங்கை கையெழுத்துப் போடக் கூடாது. மன்னிப்புக் கேட்பதால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் இங்கே பிரச்சினை கௌரவம் பற்றியது அன்று. "நான்தான் மற்றவர்களைத் தூண்டிவிட்டேன்" என்ற வாசகம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வழக்கில் பயன்படுத்த முடியாது என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் சிறை அலுவலர் காவல்துறை அதிகாரி அல்லர். அவரிடம் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அந்தக் கவசம் அப்படியே பொருந்தும் என்று நம்பி இருந்துவிட முடியாது. நாளை கலவர வழக்கு என்று ஒன்று வந்தால் அந்தத் தாள்தான் முதல் ஆவணமாக வைக்கப்படும்.

வழக்கே வராவிட்டாலும் அது ஜாமீன் மனுவில் வந்து நிற்கும். பல ஆண்டுகளுக்கு முன் என் கட்சிக்காரப் பெண் ஒருவர் இதே போன்ற தாளில் கையெழுத்துப் போட்டதை என்னிடம் சொல்லவே இல்லை. சின்ன விஷயம் என்று நினைத்துவிட்டார். ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று, நான் வாதத்தை முடித்து உட்காரும்போது, அரசு வழக்கறிஞர் கட்டிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை உருவி, "சிறைக்குள்ளேயே ஆள் சேர்ப்பவர் வெளியே வந்தால் சாட்சிகளைச் சும்மா விடுவாரா" என்று கேட்டார். கையில் நகல்கூட இல்லாத ஒரு தாளுக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. மனு தள்ளுபடியானது.

அதற்காக அலுவலர்களோடு மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. உங்கள் தங்கை தினமும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும், அந்தச் சிரமம் வெளியே இருக்கும் நமக்கு இல்லை. எதையாவது எழுதிக் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், "சிறை விதிகளுக்கு உட்பட்டு நடந்துகொள்வேன். இன்ன தேதியில் நாங்கள் கொடுத்த மனுவிலுள்ள குறைகளைக் கனிவுடன் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்ற இரண்டு வரிகள் போதும். நடந்ததைப் பற்றி எந்த ஒப்புதலும் இதில் இல்லை, மனு கொடுத்த தேதியும் பதிவாகிவிடுகிறது. இதையும் வழக்கறிஞரைப் பார்த்த பிறகே கொடுக்கட்டும். விசாரணைக் கைதி தன் வழக்கறிஞரை, கூடுமானவரை வேறு யாரும் உடன் இல்லாமல் சந்திக்க 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவே வழி செய்திருக்கிறது. நேர்காணல் நிறுத்தப்பட்டிருந்த மூன்று வாரங்களில் வழக்கறிஞரையும் உள்ளே விடவில்லையா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. விடவில்லை என்றால் அதைத் தனிக் குறையாகவே எழுத வேண்டும்.

கொலை வழக்கில் இருப்பவருக்கு என்ன உரிமை?

உங்கள் கணவரின் கேள்வியை நீதிமன்ற வராந்தாவில் படித்தவர்களும் கேட்கக் கேட்டிருக்கிறேன். உங்கள் தங்கை மீது குற்றச்சாட்டு இருக்கிறது, தீர்ப்பு இன்னும் இல்லை. தீர்ப்பே வந்தாலும் பறிபோவது வெளியே நடமாடும் சுதந்திரமும் அதோடு ஒட்டியவையும்தான். உடலின் மானமும் உயிரும் முறையிடும் உரிமையும் சிறை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியவை அல்ல. உச்ச நீதிமன்றம் 1970களின் இறுதியிலிருந்தே இதைச் சொல்லி வருகிறது.

அதில் ஒரு வழக்கு உங்கள் தங்கையின் நிலைக்கு மிக நெருக்கமானது. மரண தண்டனை விதிக்கப்பட்டுத் திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்பவர், தனக்காக அல்லாமல், தலைமை வார்டர் ஒருவரால் சித்திரவதை செய்யப்பட்ட இன்னொரு கைதிக்காக உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று 1979 டிசம்பரில் தீர்ப்பளித்த அமர்வில், தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். கைதிகள் முறையிடச் சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், நீதிபதிகள் சிறைகளுக்குச் சென்று குறை கேட்க வேண்டும் என்ற உத்தரவுகள் அந்தத் தீர்ப்பில்தான் வந்தன. மரண தண்டனைக் கைதி சக கைதிக்காக எழுதியதை உச்ச நீதிமன்றம் குற்றமாகப் பார்க்கவில்லை என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கிருஷ்ணய்யர் பிற்காலத்தில் பெண் கைதிகளின் நிலையை ஆராய 1986இல் அமைக்கப்பட்ட தேசிய நிபுணர் குழுவுக்கும் தலைமை வகித்தார்.

மனுவில் கேட்டிருக்கும் நான்கும் சலுகைகள் அல்ல. பெண் கைதிகளை நடத்தும் முறை குறித்து ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகளில் ஐந்தாவது விதி, நாப்கின் இலவசமாகத் தரப்பட வேண்டும், தண்ணீர் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்கிறது. ஆடை களைந்து சோதிப்பதற்குப் பதில் ஸ்கேனர் போன்ற மாற்று முறைகளை உருவாக்கச் சொல்கிறது இருபதாவது விதி. இவை நம் நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக்கூடிய சட்டமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குப் பொருள் காணும்போது நீதிபதிகள் எடுத்துப் பார்க்கும் அளவுகோல்கள். பெண் வார்டன்தான் சோதித்தார், பிறகென்ன என்று சிறைத் தரப்பில் சொல்வார்கள். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் என்பது 1894ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பத்துப் பேர் பார்க்கச் சோதிக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இந்தக் குறைகள் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் எண்ணிக்கை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772 பேர்தான், நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர். கட்டடம், கொள்முதல், மருத்துவர் பணியிடம் எல்லாம் அந்த 96 பேரை மனத்தில் வைத்தே போடப்பட்ட கணக்கு. இந்த நான்கு பேர் வாய் திறந்து கேட்டால்தான் கணக்கில் ஒரு வரி கூடும்.

தட்டைத் தட்டியது கலவரமா?

இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றத் தண்டனைச் சட்டத்தின் 191ஆம் பிரிவுப்படி கலவரம் என்றால், ஐந்து பேருக்குக் குறையாத சட்டவிரோதக் கும்பலோ அதில் ஒருவரோ பலாத்காரத்தையோ வன்முறையையோ பயன்படுத்தியிருக்க வேண்டும். யாரும் தாக்கப்படவில்லை, எதுவும் உடையவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது சரியானால் அந்தப் பிரிவு நிற்காது. ஆனால் வழக்கு நிற்காது என்பதும் வழக்குப் போட மாட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. 2017 ஜூனில் மும்பை பைக்குலா பெண்கள் சிறையில் தண்டனைக் கைதி ஒருவர், உணவுப் பங்கீட்டுக் கணக்கில் எழுந்த தகராறில் பணியாளர்களால் தாக்கப்பட்டு இறந்தார் என்ற புகார் எழுந்தபோது கைதிகள் கொந்தளித்தார்கள். ஆறு பணியாளர்கள் கைதானார்கள். அதே சமயம் சுமார் 200 பெண் கைதிகள் மீது கலவர வழக்கும் பதிவானது. அதனால் இந்த அச்சுறுத்தலை வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உணவு மறுப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒரு வேளை உணவை வாங்காமல் இருந்ததைத் தற்கொலை முயற்சி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பொது ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது அதே சன்ஹிதாவின் 226ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை தண்டனைக்குரியது. உண்ணாவிரதம் நாள்கணக்கில் நீண்டால் இந்தப் பிரிவு எட்டிப் பார்க்கும். மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 நவம்பரிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை உண்ணாமல் இருந்தபோது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவுக்கு உச்ச தண்டனை ஓராண்டு என்பதால், அவரை விடுவிப்பதும் உடனே மறுபடி கைது செய்வதும் ஆண்டுதோறும் நடந்தது. அவர் ஒரு மாநிலமே பார்த்துக்கொண்டிருக்கப் போராடியவர். உங்கள் தங்கைக்கு ஒரு குழந்தையும் நிலுவையில் ஒரு கொலை வழக்கும் இருக்கின்றன. கையெழுத்து இயக்கம் அவர் கையிலிருக்கும் நல்ல ஆயுதம், பட்டினி அப்படியல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஒன்பது நாள் தனியறை

உங்கள் கடிதத்தில் சட்டப்படி மிகவும் கனமான செய்தி இதுதான். நீங்களோ அதை ஒற்றை வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். நான் சொன்ன சுனில் பத்ரா தீர்ப்பின்படி, தனியறை, சலுகைகளை மறுத்தல், தண்டிக்கும் விதமாக வேறு சிறைக்கு மாற்றுதல் எதையும் செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் செய்யக் கூடாது. அவசரம் என்றால் நடவடிக்கை எடுத்த இரண்டு நாட்களுக்குள் அவருக்குத் தகவல் போயிருக்க வேண்டும். போனதா? சிறைகள் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி எந்தத் தண்டனையும், எந்தக் குற்றத்துக்காக, எந்தத் தேதியில் என்று தண்டனைப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறியதா? 29ஆம் பிரிவுப்படி, 24 மணி நேரத்துக்கு மேல் தனியறையில் இருப்பவரை மருத்துவ அலுவலரோ அவருடைய உதவி அலுவலரோ நாளுக்கு ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். பெண் மருத்துவர் எப்போது வருவார் என்றே தெரியவில்லை என்று மனுக் கொடுத்தவரை ஒன்பது நாளும் யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த மூன்று கேள்விகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று 7(1) பிரிவு சொல்வதை மனுவின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். அந்தத் தேதிகளின் கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள், ஏனென்றால் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

நேர்காணலை நிறுத்தியதும் இதே கணக்கில்தான் வரும். சிறை வாசலில் "மனு" என்றால் பார்க்கப் போவது, நீதிமன்றத்தில் "மனு" என்றால் விண்ணப்பம். உங்கள் தங்கை இரண்டாவது மனுவைக் கொடுத்ததற்காக முதல் மனுவை நிறுத்தியிருக்கிறார்கள். குடும்பத்தினரை, அதிலும் குழந்தைகளை, பார்க்கவிடாமல் செய்வதை ஒழுங்கு நடவடிக்கையாகப் பயன்படுத்தவே கூடாது என்கிறது பாங்காக் விதிகளில் 23ஆவது விதி. கைக்குழந்தையோடு இருக்கும் தாயைத் தனியறையில் அடைக்கக் கூடாது என்பது 22ஆவது விதி. உங்கள் தங்கையின் மகள் கைக்குழந்தை வயதைத் தாண்டிவிட்டாள் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். ஆனாலும் நான்கரை வயதுக் குழந்தை ஒன்பது நாள் தாயைத் தேடியதை எந்த நீதிபதியும் எளிதில் கடந்து போக மாட்டார்.

வெளி மாவட்டச் சிறைக்கு மாற்றுவோம் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. நீதிமன்றக் காவலில் இருக்கும் விசாரணைக் கைதியைச் சிறை நிர்வாகம் தன் விருப்பப்படி மாற்ற முடியாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அந்த அனுமதியும் கைதியின் தரப்பைக் கேட்ட பிறகே தரப்பட வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு எதிர் சயீத் சொஹைல் ஷேக் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் வழக்கு நடக்கும் செஷன்ஸ் நீதிமன்றம். அடுத்த வாய்தாவில், நேரிலோ காணொலியிலோ, உங்கள் தங்கை நீதிபதி முன் வரும்போது "எனக்கு ஒரு குறை இருக்கிறது" என்று தானே வாய் திறந்து சொல்லட்டும். காணொலியில் பின்னால் வார்டன் நின்றுகொண்டிருந்தால் பேச்சு வராது, ஆகவே நேரில் ஆஜர்படுத்தக் கோரி வழக்கறிஞர் முன்கூட்டியே மனுப் போடுவது நல்லது. சொன்னதைக் குறிப்பில் பதியும்படி கேட்க வேண்டும்.

இரண்டாவது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. இலவச வழக்கறிஞர் பரம ஏழைகளுக்குத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள் என்பதும் காவலில் இருப்பவர்கள் என்பதும் தனித்தனித் தகுதிகள், இரண்டுக்கும் வருமான வரம்பு கிடையாது. நீங்கள் வைத்திருக்கும் வழக்கறிஞர் கொலை வழக்கைப் பார்த்துக்கொள்ளட்டும், சிறைக் குறைகளுக்கு ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தனியாக எழுதுங்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். சிறைக்குப் போய்வரும் சட்ட உதவி வழக்கறிஞர் அந்த 12 பேரையும் தனித்தனியாகச் சந்தித்தால், ஒருத்தி தலைவி மற்றவர்கள் தொண்டர்கள் என்ற கதை அங்கேயே உடைந்துவிடும்.

மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் மாநில ஆணையமா தேசிய ஆணையமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் விசாரிக்க முடியாது. சம்பவம் நடந்து ஓராண்டைத் தாண்டினாலும் எடுக்க மாட்டார்கள். இவை எதற்கும் அசைவில்லை என்றால் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

எல்லா மனுக்களிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. தண்ணீர், நாப்கின், சோதனை, மருத்துவர், தனியறை என்பவற்றைத் தவிர, கணவர் இறந்த இரவைப் பற்றி ஒரு சொல்கூட அவற்றில் வரக் கூடாது. திருமண வாழ்க்கையில் தங்கை பட்ட பாட்டை எழுதினால் இரக்கம் பிறக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டிய இடம் விசாரணை நீதிமன்றம், அதற்கான நேரத்தை அவருடைய வழக்கறிஞர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜாமீன் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டவை

பெண் என்பதால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சரியல்ல. பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 480ஆம் பிரிவின் விதிவிலக்கு, கடுமையான குற்றச்சாட்டாக இருந்தாலும் பெண்ணுக்கு ஜாமீன் தரலாம் என்கிறது, தர வேண்டும் என்று சொல்லவில்லை. பாதித் தண்டனைக் காலம், முதல் முறை என்றால் மூன்றில் ஒரு பங்கு என்று 479ஆம் பிரிவில் இருப்பதும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்குப் பொருந்தாது. கொலை வழக்கு அந்தக் கணக்கில் வராது. அதை நம்பி நாட்களை எண்ணிக்கொண்டிருக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனுத் தாக்கல் செய்யுங்கள். 14 மாதங்களாகச் சாட்சி விசாரணை தொடங்காததும் சிறைக்குள் வளரும் குழந்தையும் அங்கே எடைபோடப்படும் காரணங்கள்.

சிறைக் குறை மனுவால் ஜாமீன் கெடுமா என்றால், ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நடத்தை சரியில்லை என்று ஓர் அறிக்கை வரக்கூடும். ஆனால் குறைகள் நீதிபதியின் குறிப்பில் முன்பே பதிவாகியிருந்தால், பின்னால் வரும் அறிக்கையைப் பழிவாங்கல் என்று காட்ட முடியும். வரிசையை நான் வலியுறுத்துவது அதனால்தான்.

குழந்தை

குழந்தை தானாகத் தத்துப் போய்விடாது. பெற்றவள் குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்கூட மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. ஆர்.டி.உபாத்யாய் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி, ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். அதன்பின் தாயின் விருப்பப்படி தகுந்த ஒருவரிடமோ சமூக நலத்துறையின் இல்லத்திலோ ஒப்படைக்கப்பட வேண்டும். இல்லத்தில் இருந்தால் வாரம் ஒரு முறையாவது தாயைச் சந்திக்க வைக்க வேண்டும். அந்தத் "தகுந்த ஒருவர்" நீங்கள்தான் என்று தங்கை இப்போதே எழுத்தில் தெரிவித்து வைக்கட்டும். அதுவரை உள்ளே குழந்தைகள் காப்பகமும் பால்வாடியும் நடக்கின்றனவா என்றும் விசாரியுங்கள், அந்தத் தீர்ப்பு அவற்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

பத்திரிகை

இப்போதைக்கு வேண்டாம். சட்டம் தடுப்பதால் அல்ல. பத்திரிகையாளர் ஷீலா பார்சே மும்பையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்துவிட்டு எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாக ஏற்றுக்கொண்டுதான், காவல் நிலையங்களில் பெண்களுக்குத் தனி லாக்கப், பெண் காவலர் என்ற உத்தரவுகளை 1983இல் பிறப்பித்தது. சிறையிலிருந்து ஆட்டோ சங்கர் எழுதியதை வெளியிடாமல் அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்று நம் மாநில வழக்கிலேயே 1994இல் தீர்ப்பு வந்தது. ஆனால் உங்கள் தங்கைக்கு எதிராகச் சாட்சி விசாரணை இனிமேல்தான் தொடங்கப் போகிறது. செய்தி வந்தால் தண்ணீர்க் குழாயைப் பற்றி இரண்டு வரியும், "கணவனைக் கொன்ற மனைவி" என்று ஒரு தலைப்பும் வரும்.

உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். நோட்டும் பேனாவும் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். சுருள் கம்பி போட்ட நோட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்; நூல் தைத்த 80 பக்க நோட்டாகப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்களே எண் போட்டுவிடுங்கள், இடையில் ஒரு தாள் காணாமல் போனாலும் தெரியும். தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், மருத்துவர் வந்த தேதி, சோதனை நடந்த இடம், உடன் இருந்தவர்களின் பெயர், இவ்வளவு மட்டும் எழுதச் சொல்லுங்கள். யாரையும் திட்டி எழுத வேண்டாம், வழக்கைப் பற்றியும் எழுத வேண்டாம், ஏனென்றால் அந்த நோட்டை மற்றவர்களும் புரட்டிப் பார்ப்பார்கள். முதல் பக்கத்தில் அந்த ஒன்பது நாட்களின் தேதிகள் இருக்கட்டும்.